வழக்கு முடியும் வரை வீரர் ஆடலாமா?

கடுமையான குற்றச்சாட்டில் சிக்கிய விளையாட்டு வீரரை விசாரணை முடியும் வரை ஆடவிடுவதா, உட்காரவைப்பதா? இதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

தனுஷ்க குணதிலக்கவை இலங்கை கிரிக்கெட் வாரியம் இடைநீக்கம் செய்தது. கிட்டத்தட்ட 11 மாதம் கழித்து சிட்னி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அப்படியானால் இடைநீக்கம் செய்ததே தவறுதானே?
– வாசகர், யாழ்ப்பாணம்

தவறில்லை. ஆனால் செய்த விதத்தில் குறை உண்டு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

2022 டி20 உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா போன குணதிலக்க, முதல் சுற்றிலேயே தொடைத் தசைக் காயத்தால் விலகினார். ஆனாலும் அணியோடு அங்கேயே தங்கியிருந்தார். நவம்பர் 6 அதிகாலை, அணி ஊர் திரும்பும் நேரத்தில், சிட்னியில் கைதானார். சம்மதமில்லாத உடலுறவு என்று 4 குற்றச்சாட்டுகள். முதல் முறை கேட்டபோது ஜாமீன் மறுக்கப்பட்டது. நவம்பர் 7-ல் வாரியம் அவரை எல்லா வகைக் கிரிக்கெட்டிலிருந்தும் நிறுத்தியது. நவம்பர் 17-ல் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் பிணையில் ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2023 மே மாதம் அரசுத் தரப்பே 3 குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. மிஞ்சிய ஒன்றில் செப்டம்பர் 28-ல் விடுதலையானார். அக்டோபரில் வாரியம் தடையை நீக்கியது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வாரியம் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அவரால் இலங்கைக்காக ஆடியிருக்க முடியாது. பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை. இழந்த மாதங்களை எல்லாம் வாரியத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்தது, ஒரு முடிவு சரியா என்பதை அது எடுக்கப்பட்ட நாளில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நவம்பர் 7-ல் வாரியத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு நாட்டுப் போலீஸ் முறைப்படி குற்றம் சாட்டியிருக்கிறது, நீதிமன்றம் ஜாமீன் தரவில்லை, சம்பவம் அணியின் சுற்றுப்பயணத்தின்போது நடந்ததாகச் சொல்லப்படுகிறது. இந்த நிலையில் நிறுத்திவைப்பதுதான் பொறுப்பான முடிவு. ஒருவர் பின்னால் விடுதலையாவதால் அது தவறாகிவிடாது.

குறை எங்கே என்றால், அந்த இடைநீக்கத்துக்கு முடிவுத் தேதி இல்லை. இத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்ற ஏற்பாடும் வெளியே சொல்லப்படவில்லை. மே மாதம் நான்கில் மூன்று குற்றச்சாட்டுகள் விழுந்தபோது, யாராவது உட்கார்ந்து கோப்பைத் திரும்பப் படித்து, ‘தொடர்கிறது, காரணம் இது’ என்றாவது எழுதியிருக்க வேண்டும். அதே முடிவுக்கே வந்திருக்கலாம். ஆனாலும் எழுதியிருக்க வேண்டும்.

‘குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி’ என்பதுதானே சட்டம்? ஆடவிடாமல் தடுப்பது தண்டனை இல்லாமல் வேறென்ன?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

அந்தக் கோட்பாடு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. நிரூபிக்காமல் சிறையில் தள்ளாதே, அபராதம் போடாதே என்று நீதிமன்றத்துக்குச் சொல்வது. வங்கிக் காசாளர் மேல் கையாடல் புகார் வந்தால் விசாரணை முடியும்வரை அவரைப் பணப்பெட்டியிலிருந்து தள்ளி உட்காரவைக்கிறோம். அதை யாரும் தண்டனை என்று சொல்வதில்லை. ஆனால் விளையாட்டில் இந்த ஒப்புமை பாதிதான் பொருந்தும். காசாளர் 60 வயது வரை வேலை பார்ப்பார். பந்துவீச்சாளரின் நல்ல வருடங்கள் ஏழெட்டுக்கு மேல் இல்லை.

இதை நேருக்கு நேர் சந்தித்த விதி ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் இருக்கிறது. 2019 பிப்ரவரி இறுதியில் அந்த லீக்கை நடத்தும் என்ஆர்எல் அதை அறிவித்தது. ‘தவறு காணாத விலக்கிவைப்பு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதிகபட்சத் தண்டனை 11 வருடச் சிறை அல்லது அதற்கு மேல் உள்ள குற்றம் ஒன்றில் போலீஸ் முறைப்படி குற்றம் சாட்டிவிட்டால், வீரர் தானாகவே ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார். அவர் பெரிய நட்சத்திரமா, அணிக்கு அவர் தேவையா என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்பளம் முழுதாக வரும். அணியோடு பயிற்சியும் செய்யலாம். போட்டியில் மட்டும் இறங்க முடியாது. அதற்குக் குறைந்த குற்றங்களில், குறிப்பாகப் பெண்களோ குழந்தைகளோ பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வழக்குகளில், முடிவு தலைமை நிர்வாகியின் கையில்.

இதன் முதல் அடி விழுந்தது செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணியின் ஜாக் டி பெலின் மேல். 2018 டிசம்பரில் அவர் மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு பதிவானது. விதி வந்தது அதற்குப் பிறகு. ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். என் தொழிலைத் தடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். நீதிபதி மெலிசா பெர்ரி 2019 மே மாதம் மனுவைத் தள்ளுபடி செய்தார். விளையாட்டின் நியாயமான நலனைக் காக்க அந்த விதி அவசியத்தை மீறிப் போகவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

குற்ற வழக்கு என்னவானது? இரண்டு முறை விசாரணை நடந்து, இரண்டு முறையும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாம் முறை ஒரு குற்றச்சாட்டில் மட்டும் விடுதலை கிடைத்தது. 2021 மே மாதம் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஜூனில் திரும்ப ஆடினார். தொடங்கும்போது வயது 27, திரும்பும்போது 30. சம்பளம் வந்தது. மாநில அணிகள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்கள் திரும்ப வராது.

இந்த இழப்பை மறைத்துவிட்டு இப்படிப்பட்ட விதியை ஆதரிப்பது நேர்மையில்லை. ஆதரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் இரண்டு திருத்தங்களோடு. விதி, வீரரின் பெயர் தெரிவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். டி பெலின் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை, அது அவருக்கு நேர்ந்த அநியாயம். இன்னொன்று, முதல் ஜூரி கலைந்ததைப் போன்ற திருப்பம் வரும்போது விலக்கத்தைத் தொடரலாமா என்று புதிதாக விசாரிக்கும் கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் ஊரில் எஃப்.ஐ.ஆர். போட்டவுடனே வீரரை நிறுத்திவிடலாமா? போட்டியாளரைக் கவிழ்க்க யாராவது பொய்ப் புகார் கொடுத்தால்?
– கபடிப் பயிற்சியாளர், தேனி

வெளிநாட்டு விதியை அப்படியே தூக்கிவந்து வைத்தால் இங்கேதான் இடிக்கும். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் போலீஸ் ‘குற்றம் சாட்டுகிறது’ என்றால், ஓரளவு விசாரித்து, ஆதாரம் சேர்த்த பிறகு வரும் கட்டம் அது. நம் எஃப்.ஐ.ஆர். அப்படியல்ல. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் போலீஸ் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரியான தீர்ப்பு, புகார்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்குத் தடை போட்டது. ஆனால் இதன் பொருள், எஃப்.ஐ.ஆர். என்பது விசாரணையின் வாசல்படி மட்டுமே. அதை வைத்து ஒருவரைக் காலவரையின்றி நிறுத்த முடியாது.

அதற்காகக் குற்றப்பத்திரிகை வரும் வரை காத்திருப்போம் என்றாலும் சரிவராது. கைதானவர் காவலில் இருந்தால் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும், அதனால் போலீஸ் முனைப்பாக இருக்கும். வெளியே இருந்தால் அந்த நெருக்கடி இல்லை. வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் உண்டு. அதுவரை புகார் கொடுத்த பெண் அதே மைதானத்தில், அதே முகாமில் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும்.

எனவே நம் சங்கங்களுக்கு இரண்டு படி தேவை. எஃப்.ஐ.ஆர். அல்லது எழுத்துப் புகார் வந்ததும் 7 நாள் விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. அந்த 7 நாளில் சங்கத்துக்கு வெளியே உள்ள மூவர், அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒருவராவது பெண், ஆவணங்களைப் பார்த்து ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இவர் தொடர்ந்து ஆடினால் புகார்தாரருக்கோ, சாட்சிகளுக்கோ, மற்ற வீரர்களுக்கோ ஆபத்து உண்டா? உண்டென்றால் 90 நாள் விலக்கம், அதன் முடிவில் மறுபரிசீலனை. இல்லையென்றால் நிபந்தனைகளோடு ஆடலாம். நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தால் அங்கே விலக்கம் தானாக வரும். குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியை அந்த மூவர் தொடவே கூடாது. தொட்டால் அது இணை நீதிமன்றம் ஆகிவிடும், சாட்சிகளும் கலங்குவார்கள்.

அந்த 7 நாளை இழுத்துக்கொண்டே போகவும் விடக்கூடாது. அமெரிக்க பேஸ்பால் லீக்கில் 2015 முதல் இருக்கும் விதிப்படி நிர்வாக விடுப்பு 7 நாள்தான். பாலியல் வன்முறைப் புகாரில் சிக்கிய பந்துவீச்சாளர் ட்ரெவர் பாவர் விஷயத்தில் 2021 ஜூலையில் தொடங்கிய அந்த 7 நாள், வீரர் சங்கத்தின் ஒப்புதலோடு திரும்பத் திரும்ப நீண்டு, பருவம் முழுக்க ஓடிவிட்டது. அடுத்த வருடம் பிப்ரவரியில் அரசுத் தரப்பு வழக்குப் போடவில்லை என்றது. ஏப்ரலில் லீக் தன் விதிப்படி 324 ஆட்டத் தடை விதித்தது. டிசம்பரில், மேல்முறையீட்டை விசாரித்த சுயேச்சை நடுவர் அதை 194 ஆகக் குறைத்தார். எல்லாம் முடியப் பதினேழு மாதம்.

பொய்ப் புகார் பற்றி ஒரு வார்த்தை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) தெரிந்தே கொடுத்த பொய்ப் புகாருக்கு நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. அதே பிரிவிலேயே, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது என்றும் சொல்கிறது. நம் சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை.

நிறுத்திவைத்த காலத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

கொடுக்க வேண்டும். சம்பளத்தை நிறுத்தினால் விலக்கம் தண்டனையாக மாறிவிடும், பிறகு சட்ட மாணவருக்குச் சொன்ன நியாயமெல்லாம் நிற்காது.

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி இதில் பெரிய விலை கொடுத்தது. அதன் வீரர் பெஞ்சமின் மெண்டி மேல் 2021 ஆகஸ்டில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு பதிவானதும் அணி அவரை நிறுத்தியது. செப்டம்பர் முதல் சம்பளத்தையும் நிறுத்தியது. 2023 ஜனவரியிலும் ஜூலையிலும் நடந்த இரண்டு விசாரணைகளின் முடிவில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் விடுதலை. தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2024 நவம்பரில் தீர்ப்பு: கேட்டதில் பெரும்பகுதியை அணி கொடுக்க வேண்டும். அவர் வேலைக்குத் தயாராகவே இருந்தார், கால்பந்துச் சங்கத்தின் தடையும் ஜாமீன் நிபந்தனையும்தான் தடுத்தன, சம்பளத்தைப் பிடித்துவைக்க ஒப்பந்தத்தில் வழி இல்லை என்பது காரணம். ஒரு விதிவிலக்கு: ஜாமீன் நிபந்தனையை மீறியதால் அவர் காவலில் இருந்த ஏறத்தாழ 5 மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. அந்த நிலைமையை அவரே வரவழைத்துக்கொண்டார்.

இந்தியாவில் கணக்கு வேறு. நம் தடகள வீரர்கள், மல்யுத்த வீரர்கள், கைப்பந்து வீரர்களில் பலருக்குச் சம்பளம் வருவது ரயில்வே, காவல்துறை, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து. மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் இடைநீக்கம் ஆனதாகவே கருதப்படுவார், தனி உத்தரவு தேவையில்லை. ரயில்வேயிலும் இப்படித்தான். 2021-ல் மல்யுத்த வீரர் சுஷில் குமார் கொலை வழக்கில் கைதானதும் வடக்கு ரயில்வே அவரை இடைநீக்கம் செய்தது. இடைநீக்கத்தில் முழுச் சம்பளம் வராது, பிழைப்பூதியம்தான். முதல் 3 மாதம் அரைச் சம்பள விடுப்புக்குரிய தொகையும் அதற்கான அகவிலைப்படியும். தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால் அதற்குப் பிறகு அந்தத் தொகையில் பாதி வரை கூட்டலாம். அவரே காரணம் என்றால் அதே அளவு குறைக்கலாம். 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்யாவிட்டால் இடைநீக்கமே காலாவதி. அலுவலகத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு பெரும்பாலான விளையாட்டுச் சங்கங்களுக்கு இல்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொன்று: அலுவலக இடைநீக்கமும் சங்கத்தின் தடையும் வேறு வேறு. ஒன்று வந்தால் மற்றது தானாக வராது. இரண்டு உத்தரவையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.

ஊக்கமருந்து என்றால் மறுநாளே நிறுத்துகிறார்கள். பாலியல் புகார் என்றால் மட்டும் ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?
– உடற்கல்வி மாணவி, காரைக்குடி

ஊக்கமருந்தில் கையில் ஆய்வக அறிக்கை இருக்கிறது. அதைவிட முக்கியம், எழுதிவைத்த விதி இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி ஸ்டீராய்டு போன்ற பொருள் கண்டறியப்பட்டால் தற்காலிகத் தடை கட்டாயம். ‘குறிப்பிட்ட பொருள்’ என்று பட்டியலில் தனியாகக் குறிக்கப்பட்டவற்றில் தடை போடலாம், போடாமலும் இருக்கலாம். தடை போட்டால் உடனே முறையிட வாய்ப்புத் தர வேண்டும். எடுத்த மாதிரியை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டாகப் பிரித்துவைப்பார்கள், முதலில் சோதிப்பது ‘ஏ’. ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம். அது ‘ஏ’ மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் தடை விலகும். தற்காலிகத் தடையில் உட்கார்ந்த நாள்கள் கடைசித் தண்டனையில் கழியும். புகாரில் சிக்கியவர்களுக்கு இவ்வளவு தெளிவான வழி வேறெந்த வகையிலும் இல்லை.

அப்படியிருந்தும் கோளாறு வருகிறது. காரணம் பெரும்பாலும் தாமதம். டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2022 அக்டோபரில் தற்காலிகத் தடைக்கு ஆளானார். முதல் தீர்ப்பு வரவே 2023 செப்டம்பர் ஆனது, 4 வருடத் தடை. 2024 மார்ச்சில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை 9 மாதமாகக் குறைத்தது. அதற்குள் அவர் 17 மாதம் உட்கார்ந்திருந்தார். கூடுதலாகப் போன 8 மாதத்தை யார் திருப்பித் தருவது?

தாமதம் எதிர்ப்பக்கமும் கெடுக்கும். திருச்சியைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றதை நாம் எல்லாரும் கொண்டாடினோம். அதற்கு முந்தைய மாதமே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. முடிவு அவர் விமானம் ஏறும் முன் வந்து சேரவில்லை. பிறகு 4 வருடத் தடை, பதக்கமும் போனது. அறிக்கை நேரத்துக்கு வந்திருந்தால் பதக்கம் தந்து பறிக்கும் அவமானமாவது நேர்ந்திருக்காது.

விதியை வரிப்படி பின்பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா வழக்கு உதாரணம். மாதிரி தர மறுத்ததாக 2024 ஏப்ரலில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா அவரைத் தற்காலிகமாக நிறுத்தியது. முறையான குற்றச்சாட்டு நோட்டீஸ் தரப்படவில்லை என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்தத் தடையை ரத்து செய்தது. ஜூனில் நோட்டீஸ் கொடுத்து மறுபடி நிறுத்தினார்கள். நவம்பரில் 4 வருடத் தடை. ஒரு தாள் குறைந்ததில் இவ்வளவு சுற்று.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பாலியல் புகாரில் ஆய்வக அறிக்கை இருக்காது என்பது உண்மை. ஆனால் ‘விதி இல்லை’ என்பது இயற்கை விளைவு அல்ல. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். 2018 மார்ச்சில் முகமது ஷமி மேல் அவர் மனைவி பல குற்றச்சாட்டுகள் சொன்னார், ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். கிரிக்கெட் வாரியம் அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, சூதாட்டம் தொடர்பான ஒன்றை மட்டும் தன் ஊழல் தடுப்புப் பிரிவிடம் கொடுத்தது. சில நாளில் அதில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்து ஒப்பந்தம் கிடைத்தது. சூதாட்டத்தில் வாரியம் விரைந்து செயல்பட்டது பாராட்டத்தக்கது. குடும்ப வன்முறைப் புகாருக்கு வாரியத்திடம் அளவுகோலே இல்லை. நம் சங்கங்களின் விதிப்புத்தகத்தில் பணத்தைக் காக்கப் பல பக்கம் இருக்கிறது. பெண்ணைக் காக்கவும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான வழி காட்டவும் அதே அளவு பக்கம் வேண்டும்.

கோர்ட்டே விடுவித்த பிறகும் வாரியம் தடையை நீக்க மறுப்பது என்ன நியாயம்?
– வாசகர், கன்னியாகுமரி

ஐபிஎல் சூதாட்ட வழக்கில் சிக்கிய பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்தை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2013 மே மாதம் கைது, உடனே இடைநீக்கம், செப்டம்பரில் ஆயுள் தடை. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் விடுவித்தது. வாரியம் அசையவில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடையை நீக்கினார், அமர்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தடை என்ற அளவை மட்டும் ரத்து செய்து, தண்டனையை மறுபடி முடிவு செய்யச் சொன்னது. வாரியத்தின் குறைதீர் அதிகாரி அதை 7 வருடமாக்கினார். 2020 செப்டம்பரில் முடிந்தது.

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒழுங்கு விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை. அதனால் நீதிமன்றம் விட்டாலும் வாரியம் தண்டிக்கலாம், அது சட்டப்படி சரி. ஆனால் வாரியம் தானே விசாரித்து, தானே காரணம் எழுதியிருக்க வேண்டும்.

நன்றாகக் கையாண்ட உதாரணமும் உண்டு. பிரிஸ்டலில் 2017 செப்டம்பரில் நடந்த தெருச் சண்டைக்குப் பிறகு இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ், ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் தொடருக்குப் போகவில்லை. 2018 ஜனவரியில் குற்றச்சாட்டு பதிவானதும், வழக்கு எப்போது முடியும் என்று தெரியாத நிலையில் இனியும் நிறுத்துவது நியாயமில்லை என்று இங்கிலாந்து வாரியம் ஆடவிட்டது. ஆகஸ்டில் விடுதலை. அதற்குப் பிறகு ஒழுங்குக் குழு 8 ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்து, ஏற்கெனவே இழந்த ஆட்டங்களில் அந்தத் தடையைக் கழித்துவிட்டது. குற்றச்சாட்டுக்கு முன்பு நிறுத்தி, பின்பு ஆடவிட்டது தலைகீழ் என்று எனக்குப் படுகிறது. இழந்ததைக் கழித்தது மட்டும் எல்லாரும் பின்பற்ற வேண்டியது.

தடையில் இருந்த நாள்களைக் கழிக்கவும் ஏதாவது தண்டனை இருந்தால்தான் முடியும். எதுவுமே நிரூபணமாகாவிட்டால்? இலங்கையின் முன்னாள் தொடக்க வீரரும் பயிற்சியாளருமான அவிஷ்க குணவர்தன 2019 மே மாதம் ஊழல் குற்றச்சாட்டில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டார். 2021 மே மாதம் தீர்ப்பாயம் அவர் மேல் தவறில்லை என்றது. இரண்டு வருடம். ஈடு எதுவும் விதியில் இல்லை.

நிறுத்துவதை யார் முடிவு செய்ய வேண்டும்? தேர்வுக் குழுவா, பயிற்சியாளரா?
– வாசகர், சேலம்

இருவரும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்க வேண்டியவரிடம் வெள்ளிக்கிழமை இதைக் கேட்கக்கூடாது. முடிவெடுக்கும் ஆளை முன்கூட்டியே நியமித்திருக்கவும் வேண்டும். 2019 ஜனவரியில், பெண்களைப் பற்றி இழிவான பேச்சு வந்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டிக்காக ஹர்திக் பாண்டியாவையும் கே.எல். ராகுலையும் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அழைத்து நிறுத்தினார்கள். விசாரிக்க வேண்டிய குறைதீர் அதிகாரிப் பதவி அப்போது காலி. இரண்டு வாரத்தில் தடையை நீக்க வேண்டியதாயிற்று. அதிகாரி வந்து ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்.

எங்கள் கிளப்பில் 15 வயது மாணவி ஒருத்தி, மூத்த வீரர் ஒருவர் தவறாக நடந்தார் என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறாள். மாநிலப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. அவர் இல்லாமல் அணி இல்லை. என்ன செய்வது?
– கிளப் நிர்வாகி (ஊர் வேண்டாம்)

போட்டியை மறந்துவிட்டு இன்றே போலீஸுக்குப் போங்கள். மாணவி 18 வயதுக்குக் கீழ் என்பதால் இது போக்சோ சட்டத்தில் வருகிறது. 19-வது பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் 1 வருடம் வரை. ‘முதலில் நாங்களே விசாரித்துப் பார்க்கிறோம்’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சிறுமிக்கு உதவ 1098 எண்ணையும் அழைக்கலாம்.

பயிற்சியாளரிடம் அவள் சொன்னதை அவளுடைய வார்த்தைகளிலேயே, தேதி நேரத்தோடு, ஒரே முறை எழுதிவையுங்கள். செயலாளருக்கு ஒருமுறை, தலைவருக்கு ஒருமுறை என்று திரும்பச் சொல்லவைக்காதீர்கள். அது அவளை வதைக்கும். ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும், பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது கூடவே கூடாது. வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வீரரை அன்றைக்கே விலக்குங்கள். பெரும்பாலான கிளப்கள் தவறு செய்வது இங்கேதான்: ‘கொஞ்ச நாள் பயிற்சிக்கு வராதேம்மா’ என்று சிறுமியை அனுப்பிவிடுகிறார்கள். அவள் நேரம், அவள் மைதானம் மாறக்கூடாது. மாற வேண்டியவர் அவர். போட்டியில் மட்டும் நிறுத்தினால் போதாது. பயிற்சி, விடுதி, அணிப் பேருந்து, உடற்பயிற்சிக் கூடம், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலிருந்தும் விலக வேண்டும். அவருடைய நண்பர்கள் வழியாகவும் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று எழுத வேண்டும்.

விலக்க உத்தரவு அரைப் பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து, எந்த இடங்களுக்கு வரக்கூடாது, யாரைத் தொடர்புகொள்ளக் கூடாது, உதவித்தொகை தொடரும், எந்தத் தேதியில் மறுபரிசீலனை, யாரிடம் முறையிடலாம். கூடவே ஒரு வரி: ‘இது முன்னெச்சரிக்கை. குற்றம் பற்றிய முடிவு அல்ல.’ சிறுமியின் பெயரோ, அடையாளம் காட்டும் விவரமோ அதில் வரக்கூடாது. அவரிடம் கையெழுத்து வாங்கிப் பிரதியைக் கோப்பில் வையுங்கள். மாநிலச் சங்கத்துக்கு ‘அணியில் மாற்றம்’ என்று மட்டும் எழுதினால் போதாது, வழக்கு இருப்பதையும் மூடிய உறையில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அவர் வேறு மாவட்ட அணியில் போய் ஆடுவார்.

புகார் கொடுத்தவர் 18 வயது நிரம்பிய பெண்ணாக இருந்தால் வழி வேறு. விளையாட்டு நிலையம், அரங்கம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் பணியிடம்தான் என்று 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கிளப் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், அதன் மேல் நடவடிக்கைக்கு 60 நாள். விசாரணை நடக்கும்போதே எதிர்த்தரப்பை வேறு இடத்துக்கு மாற்றும்படி அவர் எழுத்தில் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், அதனால் அந்த வாய்ப்பை அவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். போலீஸுக்குப் போகும் உரிமை இதனால் குறையாது.

ரசிகர்கள் பங்குக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், புதுச்சேரி

புகார் கொடுத்த பெண்ணின் பெயர், படம், ஊர், படிக்கும் கல்லூரி என்று அடையாளம் காட்டும் எதையும் பகிராதீர்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் அதை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் குற்றம், 2 வருடம் வரை சிறையும் அபராதமும். ‘எங்கள் வீரரை மாட்டிவிட்டவள் இவள்தான்’ என்று வரும் படத்தைக் குழுவில் பார்த்தால் மற்றொரு குழுவுக்கு அனுப்பாமல், போட்டவரிடம் உடனே நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் 1930-ஐ அழைக்காதீர்கள், அது இணையப் பணமோசடிக்கான எண். இணையக் குற்றப் புகார்களுக்கான மத்திய அரசின் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.